நாற்பத்தொன்றாம் மூடி

ரெலிபோன் போர்டுக்கு முன்னால் இருப்பவளின் முகம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாருக்குக் கோபம் வந்தாலும் அது முதலில் அவளுடைய காதுக்குள்தான் வந்து விழும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. அரசாங்கக் கந்தோர்க் கவுண்டரிலோ ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துண்டு எழுதும் மேசையிலோ இருந்து, "இவள் வேணுமெண்டுதான் என்னைப் பாக்காமல் இருக்கிறாள்" என்று பேச்சு வாங்கியவர்களும் என் கூட்டாளிகள்தான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதியில், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கொம்பனியில் நான் ஒப்பரேட்டராகச் சேர்ந்தேன். ஜெற்றி, பண்டகசாலை, வேர்க்ஷொப், டிஸ்பென்சரி, கன்ரீன் என்று ஐம்பது இடங்களில் ரெலிபோன். அந்த ஐம்பதும் வந்து முடிகிற இடம் என் போர்ட். பத்துப் பத்தாக ஐந்து வரிசை. ஒவ்வொரு நம்பருக்கும் விரல் நகம் அளவில் ஒரு பித்தளை மூடி. அங்கே ஒருவர் தன் போனின் கைபிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய மூடி விழும், போர்ட் 'ர்ர்ர்' என்று இரையும். ஐம்பது பேருக்கும் ஒரே இரைச்சல்தான். விழுந்தது எந்த மூடி என்று கண்ணால் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே உள்ள துளையில் வயரைச் செருகி, "நம்பர் பிளீஸ்" என்று சொல்லவேண்டும்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் எழுத்தில் மூன்று முறைப்பாடு வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு முன்பிருந்த பெண் அப்படித்தான் போனாள். என்னால் அப்படிப் போக ஏலாது. போனால், கந்தளாயில் இருந்த என் பெரியம்மா பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டவேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று தன்னுடைய மூலவியாதியைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தவர். "எனக்கு வேலை கிடக்கு" என்பதைத் தவிர அவரை மறுக்க என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

பதவிப்படி அடுக்கு

போர்டில் நம்பர்களைப் பதவி பார்த்து அடுக்கியிருந்தார்கள். மேல் வரிசையில் முதலாவது மனேஜர். அவருக்குப் பக்கத்தில் உதவி மனேஜர், அவருக்கு அடுத்தது தலைமைக் கிளாக்கர். இப்படியே இறங்கி இறங்கி, கடைசி வரிசையில் வள்ளக் கொட்டில், வாசல் காவல், தீயணைக்கும் பம்ப் அறை. கலியாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு ஒழுங்கு பார்த்து ஆட்களை இருத்தமாட்டார்கள். போர்டுக்கு முன்னால் இருக்கப் போகிறவளின் கண் எங்கே இருக்கும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் குள்ளம். கதிரையில் தலையணை போட்டு இருந்தாலும் என் கண்ணுக்கு நேரே வருவது மூன்றாம் வரிசையின் நடு. அதாவது இருபத்தைந்தாம் நம்பர். அதாவது கன்ரீன்.

கன்ரீனை நடத்தியவர் கிண்ணியாவைச் சேர்ந்த சலீம் அண்ணன், அவர்கள் பேச்சில் சலீம் நானா. அவருடைய மூடி பாதி விழும்போதே என் கை அங்கே போய்விடும். மனேஜர் என் தலைக்கு மேலே காத்துக்கொண்டிருப்பார்; சலீம் நானாவுக்கு லொறி, சலீம் நானாவுக்கு ஐஸ், சலீம் நானாவுக்கு விறகு எல்லாம் நொடியில் கிடைக்கும். ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு ஏற்ற லொறி கேட்பதற்காக எடுத்தவர், என் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார்.

"மிஸ், நான் இன்னும் அரைச் சுத்துத்தான் சுத்தினேன். நான் மனசுல நினைக்கிறதும் உங்களுக்குக் கேக்குதா?"

சம்பூருக்குப் போய்வரும் நேரம்

வள்ளக் கொட்டில் நாற்பத்தொன்றாம் நம்பர். கடைசி வரிசை, இடப்பக்க மூலை. கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஓடுகிற சாமான் வள்ளங்களைக் கட்டி வைக்கும் இடம் அது, எங்கள் கந்தோரிலிருந்து கால் மைல் கீழே. அங்கே போர்மன் சின்னத்தம்பி அண்ணை. சம்பூர்க்காரர். தினமும் குடாவைக் கடந்து வள்ளத்தில் வேலைக்கு வருகிறவர். நான் அவரைக் கண்டதில்லை, அவரும் என்னைக் கண்டதில்லை. ஆனால் எங்களுக்குள் பகை முற்றிப்போயிருந்தது. அவர் கூப்பிட்டால் எனக்கு எப்போதும் பிந்தித்தான் தெரியவரும். போர்ட் இரையும், நான் நடுவில் பார்ப்பேன், மேலே பார்ப்பேன், வலப்பக்கம் பார்ப்பேன், எல்லா மூடியும் ஒழுங்காக இருக்கும். "போர்ட் சும்மா இரையுது" என்று நினைப்பேன். கடைசியில், காலடியில் விழுந்த ஊசியைத் தேடுகிறமாதிரிக் குனிந்தால் அங்கே நாற்பத்தொன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும்.

சேர்ந்து இருபது நாள் ஆகமுதல், மூன்றாம் கிழமையே முதலாவது முறைப்பாடு வந்தது. 'எமது பகுதி வேண்டுமென்றே புறக்கணிக்கப்படுகிறது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். தலைமைக் கிளாக்கர் தம்பிராசா ஐயா என்னைக் கூப்பிட்டு, கவனம் என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயம், மனசு இருந்தால் கவனம் தானாக வரும் என்று கால் மணித்தியாலம் விளக்கினார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, மனசு முழுவதையும் போர்டில் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கே வள்ளக் கொட்டில் இன்னொருதரம் கூப்பிட்டது. எவ்வளவு நேரம் கழித்து எடுத்தேனோ தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். சின்னத்தம்பி அண்ணை கத்தவில்லை, மிக நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளை, நான் சம்பூருக்குப் போய், சோறு திண்டு, திரும்பி வள்ளத்திலை வந்து உங்களுக்கு நேரை சொன்னாலும் இதைவிடக் கெதியா அலுவல் முடியும்."

வலப்பக்கத்து யன்னல்

போர்ட் அறைக்கு ஒரேயொரு யன்னல், எனக்கு வலப்பக்கத்தில். அதற்குள்ளால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். ஒருநாள் காலை வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய பிரயாணிக் கப்பல் வந்தது. தளத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கவில்லை, சத்தியமாக. வேலை செய்துகொண்டேதான் பார்த்தேன். ஆனால் அன்று போர்டின் வலது பாதியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல சேவை கிடைத்தது. இடது பாதியில் இருந்தவர்களுக்குக் கொம்பனி மூடப்பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது.

தம்பிராசா ஐயா வந்து பார்த்தார். கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்தநாள் யன்னல் கண்ணாடி முழுவதும் மண்ணிறக் கடுதாசி ஒட்டப்பட்டிருந்தது. இனி இவள் எங்கே பார்ப்பாள் என்று நினைத்திருக்கவேண்டும். கடுதாசியின் ஒரு மூலையில் அரை அங்குலம் கிழிந்திருந்தது. முழு யன்னலையும் பார்த்ததைவிடக் கூடுதலான நேரம் நான் அந்த அரை அங்குலத்தைப் பார்த்தேன். கிழிசலுக்குள்ளால் ஒரு கொடிமரத்தின் நுனி போனால், அது எந்த நாட்டுக் கப்பல் என்று தெரியாமல் கையும் ஓடாது காலும் ஓடாது. ரெலிபோன் லைன் வேலை செய்யும் மார்ட்டின் அண்ணை, போர்டின் பின்பக்கத்தைத் துடைக்க வந்தவர், என் கழுத்து போன போக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா உனக்கு யன்னலைப் பூட்டேல்லை, பிள்ளை. துழாவிப் பாக்கிறதுக்கு ஓட்டை செய்து தந்திருக்கிறார்."

நண்டுக் கறி

துறைமுகக் காற்றில் உப்பு. இரும்பு எதுவும் துருவேறிக் கறள் பிடிக்கும். போர்டில் ஒவ்வொரு சோடி வயருக்கும் முன்னால் ஒரு சின்னச் சுவிச் இருக்கும்; அதை இழுத்தால்தான் அந்த வயரில் இருப்பவர்களோடு நான் கதைக்கலாம். மார்ட்டின் அண்ணை அந்தச் சுவிச் பலகையைக் கழற்றிக் கறளைச் சுரண்டிப்போட்டு, திருப்பிப் பூட்டும்போது தலைமாறிப் பூட்டிவிட்டார். இடப்பக்கக் கடைசி வயருக்கு வலப்பக்கக் கடைசிச் சுவிச். "ஒண்டும் யோசிக்காதை, ஒரு கிழமையிலை பழகிப்போம்" என்றார். எனக்கும் விளங்கியதுதான். இடது வயர் என்றால் வலது சுவிச், மந்திரம்போல் சொல்லிக்கொண்டேயிருந்தேன். வாய் சொல்லும், கை கேட்காது. இடப்பக்கத்தில் வயரைச் செருகிய கை இடப்பக்கத்துச் சுவிச்சைத்தான் இழுக்கும்.

அன்று வலப்பக்கக் கடைசி வயரில் மனேஜர் கொழும்பிலிருந்த பெரிய துரையோடு கதைத்துக்கொண்டிருந்தார். பெரிய துரையும் தமிழர்தான். கொழும்பில் கூட்டம், மனேஜருக்குப் போக விருப்பமில்லை, தனக்குக் கடும் காய்ச்சல், மூன்று நாளாகக் கஞ்சிதான் என்று இருமி இருமிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த நேரம் மனேஜரின் பியோன் வந்து, மத்தியானச் சாப்பாட்டைக் கன்ரீனுக்குச் சொல்லச் சொன்னான். நான் இடப்பக்கக் கடைசி வயரை எடுத்து இருபத்தைந்தில் செருகினேன். கை தன் பழக்கத்துக்கு இடப்பக்கச் சுவிச்சை இழுத்தது. "சலீம் நானா, மனேஜருக்கு இண்டைக்கு ரெண்டு பங்கு நண்டுக் கறி. நேற்று உறைப்புக் காணாதாம். நல்லாப் போடச் சொன்னவர்" என்றேன்.

யாரோ இரும நினைத்து நிறுத்திக்கொண்டது கேட்டது. அதன்பிறகு கொழும்புக் குரல், மிகவும் அன்பாக:

"காய்ச்சலுக்கு நண்டு நல்லதுதான், மிஸ்டர் மனேஜர்."

ஞானம் அக்காவின் இடது கை

இரண்டாவது முறைப்பாட்டை மனேஜரே எழுதினார். நான்கு பக்கம். அதில் நண்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு முறைப்பாடு, இரண்டு மாதம். கந்தளாயிலிருந்து பெரியம்மா 'மாப்பிள்ளைக்கு இப்ப சுகம்' என்று கடிதம் போட்டிருந்தா. நான் போர்ட் அறையில் இருந்து அழுதேன். பின்னேர வேலைக்கு வந்த மற்ற ஒப்பரேட்டர் ஞானம் அக்கா கண்டுவிட்டா.

ஞானம் அக்கா எட்டு வருடமாக நிரந்தரமானவ. அவவை முறைப்பாடு ஒன்றும் செய்யாது. ஆனால் முறைப்பாடு வருவது வரும். பழைய பைலை எடுத்து இரண்டு பேரும் புரட்டிப் பார்த்தோம். நண்டை விட்டால், என்னைப் பற்றி எழுதியது இடப்பக்க மூலைக்காரர். எனக்கு முன்பிருந்து வீட்டுக்குப் போனவளின் மூன்று முறைப்பாடும் வள்ளக் கொட்டிலில் இருந்துதான். ஞானம் அக்காவைப் பற்றிய பதினொரு முறைப்பாட்டில் வள்ளக் கொட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பம்ப் அறை. நம்பர் ஐம்பது. கடைசி வரிசை, வலப்பக்க மூலை.

ஞானம் அக்கா இடதுகைக்காரி. வந்த அழைப்புகளை எழுதும் பதிவுப் புத்தகத்தை நான் வலப்பக்கத்தில் வைத்து எழுதுவேன். அவ இடப்பக்கத்தில் வைத்து எழுதுவா. கண் புத்தகத்துப் பக்கம் போகும். மற்ற மூலை அநாதையாகிவிடும். அடுத்தநாளே புத்தகத்தை இடப்பக்கம் மாற்றினேன். எட்டி எழுதப்போன என் வலது முழங்கை நாற்பத்தொன்றை முழுதாக மறைத்துவிட்டது. ஞானம் அக்கா தன் சீலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னா.

"பம்ப் அறைக்காரன் உன்னைத் தங்கம் எண்டுறான், என்னைச் செவிடி எண்டுறான். வள்ளக் கொட்டில்காரர் மாறிச் சொல்லினம். எங்கள் ரெண்டு பேரையும் நடுவாலை வெட்டி ஒட்டினா ஒரு நல்ல ஒப்பரேட்டர் வருவாள்."

சின்னத்தம்பி அண்ணை மேலே வந்தது

இதை நான் சிரித்துக்கொண்டு எழுத ஏலாது. ஒருநாள் பதினொரு மணிபோல இரண்டு கப்பலில் ஒரே நேரத்தில் வேலை. போர்டில் நடுவிலும் வலப்பக்கத்திலும் மூடிகள் பொலுபொலுவென்று விழுந்தன. ஒன்றை எடுக்க இரண்டு விழுகிறது. அந்த இரைச்சலுக்குள் வள்ளக் கொட்டிலும் கூப்பிட்டிருக்கிறது. சங்கிலி வழுகி ஒரு தொழிலாளியின் பாதத்தில் சிப்பம் விழுந்துவிட்டது. டிஸ்பென்சரியைக் கேட்கத்தான் கூப்பிட்டார்கள். நான் காணவில்லை. அவர்கள் கைபிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த மனிதனைக் கைவண்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டே மேட்டில் ஏறி வந்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மாதத்தில் நடந்தார், நல்லபடியாக நடந்தார். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. அந்த வண்டிலின் சில்லுச் சத்தம் என் அறையைத் தாண்டிப் போனபோது, கையில் இருந்த வயரை எங்கே செருகுவது என்று மறந்துபோனேன். என் கலியாணப் பயமெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது.

டிஸ்பென்சரியில் ஆளை விட்டுவிட்டுச் சின்னத்தம்பி அண்ணை நேரே என் அறைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சேட்டில் கிறீஸும் இரத்தமும். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழும்பி நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போர்டைத்தான் பார்த்தார். "எங்கட எது?" என்று கேட்டார். நான் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு, மேசை விளிம்புக்கு மேலால் காட்டினேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அந்தப் பித்தளை மூடியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூலைக்கோ நான் நாலு வருசமாக் கைபிடி சுத்தினனான்?"

பத்து மணிக்கு மனேஜர் கூப்பிடுவார்

சின்னத்தம்பி அண்ணை முறைப்பாடு எழுதவில்லை. தம்பிராசா ஐயா எழுதினார், விபத்து அறிக்கையோடு சேர்த்து. மூன்றாவது. மூலையைப் பற்றி நான் சொல்ல வாயெடுக்க, "போர்டிலை பிழை கண்டுபிடிக்கிற நேரத்துக்கு போர்டைப் பாத்திருக்கலாம்" என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு மனேஜர் போனில் கூப்பிடுவார், கூப்பிட்டதும் போய் என் வேலைநீக்கக் கடிதத்தை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது உத்தரவு.

அடுத்தநாள் ஒன்பதரை மணியிலிருந்து நான் முதலாம் நம்பர் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து நொந்தது. மார்ட்டின் அண்ணை வந்து, கறள் சுரண்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போர்டுக்குப் பின்னால் புகுந்தார். பத்து அடித்தது. போர்ட் இரைந்தது. முதலாம் நம்பர் விழவில்லை. எனக்கு உயிர் வந்தது. இரைச்சல் நின்றது, திரும்ப வந்தது, நின்றது, வந்தது. முதலாம் நம்பர் அசையவேயில்லை. கடைசியில்தான் எனக்கு அந்த மூலை ஞாபகம் வந்தது. குனிந்தேன், நாற்பத்தொன்று விழுந்து கிடந்தது. வயரைச் செருகி, மற்றவர் வாய் திறக்க முதல், "சின்னத்தம்பி அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இண்டைக்கு மட்டும் லைனை விடுங்கோ. என்னை வேலையாலை நிப்பாட்டப் போற மனுசன் கூப்பிடப் போறார். அவருக்குக் கோபம் வந்தால் காய்ச்சலும் வந்திடும்" என்றேன். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம். பிறகு போனை வைத்த சத்தம்.

உடனே முதலாம் நம்பர் விழுந்தது. பாய்ந்து எடுத்தேன். "குட் மோர்ணிங் சேர்! என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்! இனி எந்தக் காலத்திலையும் இப்பிடி நடக்காது சேர்!" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சம்பூர்க் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"பிள்ளை, நான் வள்ளக் கொட்டில். ரெண்டு தகரம் கிறீஸ் கேக்கத்தான் எடுத்தனான்."

மனேஜர் கதிரையில் இருந்தது

மனேஜர் நடந்து வந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பின்னால் தம்பிராசா ஐயா, கையில் என் கடிதம். நான் எழும்பி நின்றேன். அப்போதுதான் போர்டின் பின்பக்கத்திலிருந்து மார்ட்டின் அண்ணை வெளியே வந்தார். "சேர், பிள்ளையிலை பிழையில்லை. அவ கண்வெட்டாமல் உங்கட மூடியைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. நான்தான் உங்கட கம்பியை நாப்பத்தொண்டுக்கும் வள்ளக் கொட்டிலை ஒண்டுக்கும் மாத்தினனான். அந்த மூலையிலை இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கால் நீங்களும் பாக்கவேணும் எண்டு."

மார்ட்டின் அண்ணையின் வேலையும் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலு நிமிசம்" என்றார், தனக்குத்தானே. பிறகு வண்டிலில் வந்த மனிதனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். மார்ட்டின் அண்ணையைக் கொண்டு கம்பிகளைப் பழையபடி மாற்றுவித்து, என் கதிரைத் தலையணையை எடுத்துப் போட்டுவிட்டு, காதுக் குழலை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் இருந்தார்.

அரை மணித்தியாலம் இருந்தார். வேர்வை வழிந்தது. வள்ளக் கொட்டிலைக் கண்டபடி பிந்தி எடுத்தார். பம்ப் அறையை எடுக்கவேயில்லை. இடையில் சொந்த வீட்டு அழைப்பையும் விட்டுவிட்டார். அதற்கு அவர் வீட்டில் என்ன பதில் சொன்னாரோ எனக்குத் தெரியாது. தம்பிராசா ஐயா, "மனசை ஒருநிலைப்படுத்துங்கோ சேர்" என்று ஒருதரம் சொல்லிவிட்டு, மனேஜர் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னுக்குப் போனார். காதுக் குழலைக் கழற்றும்போது மனேஜரின் முகத்தில் கோபம் இல்லை, பெரிய குழப்பம்தான் இருந்தது.

"எல்லாரையும் விடுறன். அந்தக் கன்ரீன் சலீமை மட்டும் ஏன் இப்பிடிக் கெதியா எடுக்கிறன்?"

நாற்பத்தொன்றுக்கு ஆள் தேவை

என் வேலைநீக்கக் கடிதத்தை மனேஜர் கிழித்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மார்ட்டின் அண்ணை போர்டைக் கழற்றி மாற்றிக் கட்டினார். டிஸ்பென்சரி, வள்ளக் கொட்டில், ஜெற்றிகள், தீயணைக்கும் பம்ப் எல்லாம் மூன்றாம் வரிசையின் நடுவுக்கு வந்தன. மனேஜர் தன் முதலாம் நம்பரை விடவில்லை. பிந்தினாலும் பரவாயில்லை, நம்பர் ஒன்று ஒன்றாகவே இருக்கட்டும் என்றார். சலீம் நானா வலப்பக்க மூலைக்குப் போனார். இனி ஞானம் அக்காவின் நேரத்தில் தான் சமைத்தால் போதும், கதைக்கத் தேவையில்லை என்றார். மிச்சமிருந்தது நாற்பத்தொன்று. ஒருவரும் அதை எடுக்கமாட்டோம் என்றார்கள். கடைசியில் மனேஜர், கவனம் மனசில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர் இந்தக் கந்தோரில் ஒரேயொருவர்தான், அவருக்கு எந்த மூலையும் ஒன்றுதான் என்று சொல்லித் தலைமைக் கிளாக்கரின் கம்பியை அங்கே போடச் சொன்னார்.

ஒரு கிழமை தம்பிராசா ஐயா பொறுத்துப் பார்த்தார். நானும் என்னால் முடிந்தமட்டும் குனிந்து குனிந்துதான் பார்த்தேன், வஞ்சகம் இல்லை. எட்டாம் நாள் போர்ட் அறை வாசலில் வந்து நின்று, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, கவனம் மனசிலைதான். அதிலை எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எண்டாலும் என்ரை மூடியை ஒரு வரிசை மேலை தூக்கிவிட ஏலாதோ?"

நிரந்தரக் கடிதம்

தகுதிகாண் காலம் முடிந்த அன்று கடிதம் வந்தது. கிழித்துப் பார்க்கப் பயந்து ஞானம் அக்காவிடம் கொடுத்தேன். அவ வாசித்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தா. நான் நிரந்தரம். அன்றைக்கே கந்தளாய்க்கு, எனக்கு வேலை கிடக்கு, கலியாணம் இப்போதைக்கு ஏலாது என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நல்ல கடிதம் அது. அந்த மாப்பிள்ளை பிறகு வேறிடத்தில் கட்டினார். மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிஸ்பென்சர் என்று கேள்வி, நல்ல பொருத்தம்.

அன்று பின்னேரம் வள்ளக் கொட்டில் மூடி என் கண்ணுக்கு நேரே விழுந்தது. விழுந்ததும் எடுத்தேன். சின்னத்தம்பி அண்ணை மறுபக்கத்தில் தடுமாறினார். முந்தி, கைபிடியைச் சுற்றிவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்து, என்ன கேட்பது, என்னை என்ன பேசுவது என்று ஆறுதலாக யோசித்துக்கொண்டு நிற்பாராம். இப்போது அதற்கு இடமில்லை. எதற்கு எடுத்தார் என்பது அவருக்கே மறந்துபோய்விட்டது.

"பிள்ளை, நீங்கள் திருந்தினது நல்லதுதான், ஆனா எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் தாங்கோ."

'இவரது கவனத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படுகிறது' என்று அந்த நிரந்தரக் கடிதத்தில் கையொப்பத்தோடு எழுதியிருந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து அந்தக் கொம்பனியில் முன்னேறியது வள்ளக் கொட்டிலின் கம்பி மட்டும்தான், அதுவும் ஒரு சாண்.